யார் பாடுவது என்று கேட்கக் கூடாது

ஜூன் 3

பாசத்துக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய அத்தைக்கு,

வாலு எழுதுவது. நலம். நீங்கள் நலமா என்று கேட்க மாட்டேன். போன கடிதத்தில் "கேள்வியைக் குறை, காதைத் தீட்டு" என்று எழுதியிருந்தீர்கள். தீட்டியாயிற்று. இப்போது என் காதை வைத்துப் பென்சில் சீவலாம்.

நீங்கள் அனுப்பிய பெயர் எழுதாத டேப்பைத் தேயத் தேயக் கேட்டேன். யார் பாடுவது என்று கேட்கக் கூடாது, மூன்று விஷயம் மட்டும் சொல்ல வேண்டும் என்பதுதானே உங்கள் சட்டம். சொல்கிறேன். வயது: அறுபதுக்கு மேல். எங்கே உட்கார்ந்து பாடுகிறார்: சமையலறை. இரண்டாவது பாட்டில் யாரோ கரண்டியைக் கீழே போடுகிறார்கள், அவர் கோபப்படாமல் அந்தச் சத்தத்தையும் தாளத்தில் சேர்த்துக்கொள்கிறார். எதைத் தொலைத்தவர்: பல்லை. வரி முடிகிற இடமெல்லாம் காற்று விசில் அடித்துக்கொண்டு தப்பித்து ஓடுகிறது. சரியென்றால் பெயரை அனுப்புங்கள்.

வகுப்பில் பக்கத்துப் பெண்ணிடம் "எங்க அத்தையும் நானும் ப்ளூஸ் மாத்திக்கிறோம்" என்றேன். "உனக்கு அளவு சரியா இருக்குமா?" என்று கேட்டாள். நம் சோகப் பாட்டை ப்ளவுஸ் என்று நினைத்துவிட்டாள். நானும் திருத்தவில்லை. நீங்கள் இப்போது பள்ளிக்கூடத்தில் ஒரு தாராளமான தையல்காரி.

அப்பா வழக்கம்போல. உங்கள் உறை வந்த நாளில் தபால்பெட்டியைத் திறந்து கரண்ட் பில்லை மட்டும் எடுத்துக்கொண்டு மேலே வந்தார். "வேற ஏதாவது இருக்காப்பா?" என்றேன். "பார்க்கலை" என்றார். உங்கள் உறைக்கு அடியில் இருந்த பில்லை, உறையைப் பார்க்காமல் எப்படி உருவினார் என்று நான் கேட்கவில்லை. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நீங்கள் இருவரும் பேச்சை நிறுத்தியதற்கு என்ன காரணம் என்றும் கேட்கவில்லை. பாருங்கள், எவ்வளவு திருந்திவிட்டேன்.

இந்த முறை என் பங்குக்கு ஒரு டேப் இத்துடன். நானே தேடிப் பிடித்தது. பெயர் எழுதவில்லை. உங்கள் சட்டம் உங்களுக்கும் உண்டு.

அடங்காத மருமகள்,
வாலு


ஜூன் 9

வாலு,

பல் சரி. வயது தப்பு. பாடும்போது அவருக்கு நாற்பதுகூட ஆகவில்லை, பல் போனால் எல்லாருக்கும் இருபது வயது கூடிவிடும். இடமும் தப்பு. முடிதிருத்தும் கடை, விழுந்தது கத்தரிக்கோல். டேப் மாற்றிக்கொள்கிற எங்கள் வட்டத்தில் அவரைத் தகரக்கூரை என்போம், மழை பெய்கிற மாதிரி கிட்டார் வாசிப்பதால். அடுத்து உனக்குத் துறைமுகத்துப் பெரியம்மா என்கிற பாட்டுக்காரியை அனுப்புகிறேன். ஜன்னலைச் சாத்திவிட்டுக் கேள், பக்கத்து வீட்டில் போலீஸைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

இப்போது உன் டேப்.

மூக்குக்கண்ணாடிக் கடையைப் பூட்டிவிட்டு வந்து, பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்கலாம் என்று போட்டேன். தொட்டி நிரம்பித் தண்ணீர் கால்மேல் வழிந்த பிறகுதான் குழாயை மூடினேன். வார்த்தையே இல்லை. ஒரு வரியை முனகுகிறார். அதையே மறுபடி முனகுகிறார். மூன்றாவது வரியில் பதில் வர வேண்டும், ப்ளூஸ் என்றாலே அதுதான். இந்த மனிதர் அந்த இடத்துக்கு வந்து நிற்கிறார், மூச்சு மட்டும் வருகிறது. மூன்றாவது வரிக்கு எத்தனையோ பேர் எத்தனையோ பதில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பதில் இல்லை என்று விட்டவரை இப்போதுதான் கேட்கிறேன்.

வயது: எழுபது. இடம்: காலிக் கிடங்கு, அல்லது வற்றிய கிணறு. எதைத் தொலைத்தவர்: குரலை. போய்க்கொண்டிருக்கிற குரலை விரட்டிப் பிடித்துப் பாடுகிறார். இந்தப் பதிவுக்குப் பிறகு அவர் அதிக நாள் இருந்திருக்க மாட்டார். அது கேட்கிறது.

பிரதி எடுத்து வட்டத்துக்கு அனுப்பிவிட்டேன். இசைத்தட்டுக் கடைக்காரர் தூங்கவில்லையாம். கணக்கு வாத்தியார் போன் செய்து, இந்த வருஷம் கேட்டதில் இதுதான் முதல் என்கிறார், அவர் எதற்கும் லேசில் மார்க் போடுகிறவர் இல்லை. பஸ் டிரைவர் தன் அக்காவுக்கு ஒரு பிரதி கேட்கிறார்.

சட்டத்தை நானே மீறுகிறேன். யார் இவர்?

அன்புடன்,
அத்தை


ஜூன் 13

அத்தை,

உட்கார்ந்துகொண்டு படியுங்கள். முடிந்தால் கைப்பிடி உள்ள நாற்காலி.

எழுபது வயதுக் கலைஞருக்கு நாற்பத்தாறுதான் ஆகிறது. மாதாமாதம் தலைக்கு மை தடவுகிறார், உங்கள் கணக்கைக் கேட்டால் மனம் உடைந்துவிடுவார். வற்றிய கிணறு என்பது பத்து மாடிக் கட்டடத்தின் லிஃப்ட் குழி. ஊரையே மேலே தூக்கிவிட்டுவிட்டுத் தான் மட்டும் படியேறி வருகிற லிஃப்ட் மெக்கானிக் ஒருவர், கம்பிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டே முனகியது அது. சாப்பாடு கொண்டுபோன மகள் லிஃப்ட் கூண்டின் மேல் டேப் ரெக்கார்டரை வைத்துவிட்டு வந்தாள். பழைய தட்டு மாதிரி அந்தக் கரகரப்புத் தூறல், பிரதி எடுக்கும்போது ஒரு பிளாஸ்டிக் உறையை மைக் பக்கத்தில் கசக்கியது. ஐந்து நிமிஷம் கசக்கிக் கை வலித்தது, கலைக்காக எவ்வளவோ படுகிறோம்.

அத்தை, அது அப்பா. உங்கள் அண்ணன்.

ஊரார் பார்வையையெல்லாம் திருத்துகிற கண்ணாடிக் கடை அத்தை காதில் கோட்டை விட்டார் என்று இரண்டு நாளாய்ச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. அதிக நாள் இருந்திருக்க மாட்டார் என்று நீங்கள் கண்ணீர் விட்ட மனிதர் கூடத்தில் உட்கார்ந்து, செய்தி வாசிக்கிறவரோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்.

கணக்கு வாத்தியாரிடம் முதல் மார்க்கை வாபஸ் வாங்கிவிடாதீர்கள். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கணக்கில் இதுவரை வந்ததில்லை.

வெற்றி பெற்ற,
வாலு


ஜூன் 17

வாலு,

நின்றுகொண்டுதான் படித்தேன். பிறகு உட்கார்ந்தேன்.

விளையாட்டை நிறுத்திவிட்டுக் கேள். அது என் அண்ணன் குரல் இல்லை.

நீ பொய் சொல்கிறாய் என்று சொல்லவில்லை. பாடியது அவர்தான், சரி. ஆனால் அது அவருடைய குரல் இல்லை. ஒரே அறையில் படுத்து வளர்ந்தவள் நான். கோபத்தில் இருக்கிறவளுக்குக் குரல் மறக்காது, நான் அதை மனசுக்குள் தினமும் பேசவைத்துப் பதிலுக்குத் திட்டிக்கொண்டிருக்கிறவள். அந்தக் குரலைக் கேட்டு, யாரோ செத்துப்போன கிழவர் என்று நினைத்துக் குழாயைத் திறந்துவிட்டபடி நின்றிருக்கிறேன். எனக்கு அடையாளம் தெரியவில்லை. உனக்குப் புரிகிறதா?

எப்போதிருந்து இப்படி இருக்கிறது? விழுங்கும்போது வலிக்கிறதா? இருமல் உண்டா? இளைத்திருக்கிறாரா? நீங்கள் கூடவே இருக்கிறவர்கள், தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது உங்கள் காதுக்குத் தெரிந்திருக்காது.

இத்துடன் ஒரு பழைய டேப். அவருக்கு இருபத்திரண்டு, எனக்குப் பதினெட்டு. ஓட்டல் ஒன்றில் சனிக்கிழமைகளில் வாசித்தோம். பாடுவது அவர், மவுத் ஆர்கன் நான். இதையும் உன் டேப்பையும் உன் அம்மாவுக்கு அடுத்தடுத்துப் போட்டுக்காட்டு. பிறகு டாக்டர். அடுத்த வாரம் இல்லை, இந்த வாரம்.

நான் சொன்னேன் என்று சொல்லாதே. சொன்னால் போக மாட்டார்.

அத்தை


ஜூன் 24

அத்தைக்கு,

முதலில் உங்கள்மேல் கோபம் வந்தது. ஏமாந்த எரிச்சலில் பயமுறுத்துகிறீர்கள் என்று நினைத்தேன். நானாக இருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன்.

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தபோது இரண்டையும் போட்டேன். முதலில் இருபத்திரண்டு வயது அப்பா. அம்மா சிரித்தாள். "இந்தப் பாட்டைப் பாடித்தான் என்னைக் கவுத்தாரு" என்றாள். அடுத்து என் டேப். மடித்துக்கொண்டிருந்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். "மறுபடி முதல்லேருந்து போடு" என்றாள். போட்டேன். "தூசின்னாரு. குழிக்குள்ள நின்னு கத்தறதுனாலன்னாரு. நானும் கஷாயம் வச்சுக் கொடுத்துட்டு விட்டுட்டேன்" என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, சட்டையைப் பார்த்துச் சொன்னாள்.

உங்கள் டேப் மறுபடி ஓடும்போதே அப்பா வேலையிலிருந்து வந்துவிட்டார். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே அதைக் கேட்டார்.

"யாரு பாடறது? நல்லாருக்கே."

நான் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினேன்.

"நீங்கதாங்க" என்றாள் அம்மா.

அவர் ஒரு செருப்போடு உள்ளே வந்தார். ரெக்கார்டர் பக்கத்தில் குனிந்தார். "இதுவா? இது நானா?" மவுத் ஆர்கன் வந்ததும் யார் வாசிப்பது என்று தெரிந்துவிட்டது. அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு டேப்போடு சேர்ந்து பாடப் பார்த்தார். இருபத்திரண்டு வயதுக்காரர் மேலே போனார், அப்பா கீழேயே நின்றுவிட்டார்.

மறுநாள் காலையில் லீவு போட்டுவிட்டுத் தானாகக் கிளம்பினார். பல் வலிக்கே போகாதவர். தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்களாம், சின்னத் துண்டு எடுத்திருக்கிறார்கள். முடிவு வர ஒரு வாரம்.

உங்கள் கேள்விகளுக்கு: விழுங்கும்போது வலி உண்டு, போன மழைக்காலத்திலிருந்து. பெல்ட்டில் புது ஓட்டை போட்டிருக்கிறார். அதை வைத்து நான் கிண்டல்கூடச் செய்தேன்.

வாலு


ஜூலை 2

அத்தைக்கு,

புற்று. குரல்வளையில். நான் அந்த வார்த்தையைச் சாதாரணமாக எழுதிப் பழகப் பார்க்கிறேன், வரவில்லை.

டாக்டர் படம் வரைந்து காட்டினார். குரல்வளையை முழுதாக எடுத்துவிடுவார்கள். கழுத்தில் ஒரு துளை போடுவார்கள், மூச்சு அது வழியாக. எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வார் என்று நம்பிக்கையாகச் சொன்னார். அடுத்த மழைக்காலம் வரை விட்டிருந்தால் எடுப்பதற்கும் வழி இருந்திருக்காதாம். "நல்ல நேரத்துல கவனிச்சிருக்கீங்க, யார் கவனிச்சது?" என்று கேட்டார்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். லிஃப்ட் குழி, பிளாஸ்டிக் உறை, உங்கள் வட்டம் எல்லாம். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்று இருந்தது.

"என்ன சொன்னாங்களாம்?" என்றார்.

"இந்த வருஷம் கேட்டதுல இதுதான் முதல்னு ஒரு கணக்கு வாத்தியார் சொன்னாராம்."

சிரித்தார். சத்தம் வரவில்லை. பிறகு, "அவளுக்கு அடையாளம் தெரியலையா?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். பஸ் வருகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வியாழக்கிழமை ஆபரேஷன். அதற்கு அப்புறம் அவர் பேச மாட்டார். சைகை, பலகை, எழுத்து, இவ்வளவுதான். மெஷின் வைத்துப் பேசப் பிறகு பழக்குவார்களாம், ஆனால் அது மெஷின்.

அத்தை, இது விளையாட்டு இல்லை, வேண்டுதல். புதன்கிழமைக்குள் ஒரு தடவை போன் செய்யுங்கள். சமாதானமாக வேண்டாம். சும்மா பேசுங்கள். அவராகக் கூப்பிட மாட்டார். போன் பக்கத்தில் போய் நிற்கிறார், துணியால் துடைக்கிறார், வந்துவிடுகிறார். எங்கள் வீட்டில் இப்போது போன்தான் மிகச் சுத்தமான பொருள்.

வாலு


ஜூலை 6

வாலு,

செய்தி படித்தேன். கடையில் ஒரு பெண்ணுக்கு வலதுகண் கண்ணாடியை இடதுபக்கம் மாட்டிக் கொடுத்துவிட்டேன்.

நான் போன் செய்ய மாட்டேன். ஏன் என்று நீ கேட்டதில்லை, இப்போது சொல்கிறேன். நீ தெரிந்துகொள்ள வேண்டிய வயதுதான்.

என் புருஷன் என்னை அடித்த மூன்றாவது தடவை, கட்டிய துணியோடு உங்கள் வீட்டுக்கு வந்தேன். சாயங்காலம். உன் அப்பா கதவைப் பாதிதான் திறந்தார். "இதெல்லாம் எல்லா வீட்டுலயும் உள்ளதுதான். உன் வீட்டுக்கே திரும்பிப் போ" என்றார். கத்திச் சொல்லவில்லை. நல்ல குரலில், பொறுமையாகச் சொன்னார். உன் அம்மா பின்னால் நின்று அழுதாள். நான் உள்ளே வராமலே திரும்பினேன். அந்த வீட்டுக்கும் போகவில்லை, இந்த ஊருக்கு வந்தேன். ஒரு அறை, ஒரு வேலை, பிறகு இந்தப் பாட்டுகள்.

அந்தக் குரல் போகப்போகிறது என்றால் நான் என்ன செய்ய முடியும்? உயிர் இருக்கட்டும். அதற்காகத்தான் உனக்கு எழுதினேன். அதோடு என் பங்கு முடிந்தது. அவருக்கு ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால், இத்தனை வருஷம் குரல் நன்றாகத்தான் இருந்தது.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. படிப்பைப் பார்.

அத்தை


ஜூலை 13

அத்தைக்கு,

உங்கள் ஜூலை ஆறாம் தேதிக் கடிதம் இன்றுதான் வந்தது. பேச மாட்டேன் என்று எழுதிய கடிதத்தை, நீங்கள் பேசி முடித்த பிறகு படிக்கிறேன். தபால்காரர் என்னைவிடப் பெரிய வாலு.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மணி அடித்தபோது, அம்மா கையில் மாவு. அப்பாதான் எடுத்தார். "யாரு?" என்றார். அப்புறம் நாற்காலியைக் காலால் இழுத்து உட்கார்ந்தார். நீங்கள்தான் என்று அம்மாவுக்கும் எனக்கும் அதிலேயே தெரிந்துவிட்டது.

பாசமலராக ஏதோ நடக்கும் என்று எதிர்பார்த்தேன். நீங்கள் இருவரும் சண்டை போட்டீர்கள். எனக்கு அப்பா பக்கம் மட்டும்தான் கேட்டது. "அந்த ரெண்டாவது வரியில நீதான் அவசரப்பட்டே. டேப்ல இருக்கு, கேட்டுப் பாரு." "நான் தாளம் விடலை." "யாரு, நானா?" இருக்கிற குரலையெல்லாம் அதற்கே செலவழித்தார். அம்மா மெதுவாகப் பேசச் சொல்லிச் சைகை காட்டினாள், கையால் தள்ளிவிட்டார்.

அப்புறம் திடீரென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தாழ்ந்த குரலில் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். இந்த வீட்டில் நான் காது வைக்காத கதவு இல்லை. அன்று நான் எழுந்து போய்ச் சமையலறைக் குழாயை முழுசாகத் திறந்துவிட்டேன். அம்மா தண்ணீர் வீணாகிறது என்று சொல்லவில்லை.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார், கழுத்தில் கட்டு. பலகையில் அம்மாவுக்கு முதலில் எழுதியது: "உன் டீ ஆறிப்போச்சு." எழுத்திலும் கத்துகிறார், கொட்டை எழுத்து.

இதெல்லாம் ஜோக்காக எழுதிவிட்டேன். இப்போது உங்கள் கடிதம் மடியில் இருக்கிறது. நீங்கள் வந்த அன்று நான் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தேன் என்று அம்மா சொல்கிறாள். கட்டிய துணியோடு வந்தவளை வாசலோடு அனுப்பியவரும், நான் தினமும் காலையில் கழுத்துக்குழாயைத் துடைத்துவிடுகிறவரும் ஒரே ஆள். எனக்கு அவர்மேல் இவ்வளவு கோபம் வரும் என்று தெரியாது. ஆனால் பதில் பேச முடியாத ஆளிடம் எப்படிச் சண்டை போடுவது? இன்று துடைக்கும்போது முகத்தைப் பார்க்கவில்லை. அவர் பலகையை எடுத்து "என்ன?" என்று எழுதிக் காட்டினார். ஒன்றுமில்லை என்றேன்.

சுவர்ப்பக்கம் திரும்பி அவர் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. ஆனால் இனி அது உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது.

உங்கள்,
வாலு


ஜூலை 17

என் செல்ல வாலுவுக்கு,

நீ கேட்கவில்லை. இருந்தும் சொல்கிறேன், ஏனென்றால் நீ முகத்தைப் பார்க்காமல் துடைப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

கடிதத்தைத் தபாலில் போட்ட மறுநாளே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, போனை எடுத்துவிட்டேன். நல்ல வேளை, அதை உன்னிடம் முந்தவிடாமல் தபால்காரர் பிடித்துவைத்தார்.

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த வார்த்தை அவர் வாயில் வந்ததே இல்லை. சொன்னது இது: "நீ போனதுக்கப்புறம் ஜன்னல்ல நின்னேன். பஸ் ஸ்டாப்புல நின்னுக்கிட்டிருந்தே. ரெண்டு பஸ் வந்துச்சு, ஏறலை. கூப்பிட்டா கேக்கற தூரம்தான். வாயைக்கூடத் திறந்தேன். மூணாவது பஸ் வந்துடுச்சு."

அவ்வளவுதான். அப்புறம் மூச்சு மட்டும் கேட்டது.

எனக்கு அது அதிர்ச்சி, வாலு. கதவைச் சாத்திவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருப்பார் என்றே இத்தனை காலம் நினைத்தேன். நானும் அந்த இரண்டு பஸ்ஸை எதற்கு விட்டேன் என்று அவரிடம் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன். கூப்பிடுவார் என்றுதான்.

நடந்தது நடந்ததுதான், அது குறையவில்லை. உன் கோபம் நியாயம், வைத்துக்கொள். ஆனால் முகத்தைப் பார்த்தபடி கோபப்படு. பதில் பேச முடியாது என்று பாவம் பார்க்காதே, அவருக்கு எழுதத் தெரியும். கொட்டை எழுத்தில் எழுதட்டும்.

அடுத்த வெள்ளிக்கிழமை மதியப் பஸ்ஸில் வருகிறேன். உன் அம்மாவிடம் சொல். அவரிடமும் சொல். அதற்குள் டாக்டர் வீட்டுக்கு விட்டிருந்தால், பஸ் வருகிற நேரத்துக்கு ஜன்னலில் நிற்கச் சொல். கையை ஆட்டினால் போதும், நான் ஏறி வருகிறேன்.

அத்தை